பாஸ்பேட் 0.32: ஜிஎஃப்ஓ போடுவதா, பொறுப்பதா?

அலைமகன்: பவளங்கள் வளர்க்கும் 300 லிட்டர் கடல்நீர் ரீஃப் தொட்டி. பாஸ்பேட் 0.32 பிபிஎம், நைட்ரேட் 10. மென்பவளங்கள் நன்றாக விரிகின்றன. கிளை விடும் கடின பவளமான அக்ரோபோரா மட்டும் பழுப்படித்துக் கிடக்கிறது, கண்ணாடியில் பாசியும் சீக்கிரம் படிகிறது. ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை) போட்டு நீரை ஓட விடும் ரியாக்டர் மாட்டலாமா?

பவளப்பித்தன்: மாட்டுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பவளத்திட்டு நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் 0.05க்கும் கீழேதான். கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் படிகம் வளராது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதே அந்தப் படிகத்தால்தானே. பாசி வேறு தனிக் கணக்கு.

சொட்டுக்குப்பி: முதலில் ஒரு கேள்வி. மீட்டர் காட்டியது பாஸ்பேட்டா, பாஸ்பரஸா?

அலைமகன்: பாஸ்பரஸ், 105 பிபிபி (ஆயிரம் பிபிபி ஒரு பிபிஎம்). 3.066ஆல் பெருக்கித்தான் 0.32 என்று எழுதினேன்.

சொட்டுக்குப்பி: சரி, கணக்கு சரிதான். சண்டையைத் தொடருங்கள்.

நிதானம்: பித்தன் சொன்ன வேதியியலில் தவறில்லை, அவசரத்தில்தான் தவறு. பவளத் திசுவுக்குள் இருக்கும் பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் அப்படியே இருக்க, பாஸ்பேட் மட்டும் வற்றிப்போனால் பவளம் வெளுக்கும் ஆபத்து கூடுகிறது என்று 2013இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் ஓர் ஆய்வே வந்தது. அலைமகனிடம் நைட்ரேட் 10 இருக்கிறது. இந்த நிலையில் ரியாக்டர் நிறைய ஜிஎஃப்ஓ கொட்டி பாஸ்பேட்டைச் சுழியத்துக்கு இறக்கினால், பழுப்பு அக்ரோ வெள்ளை அக்ரோ ஆகிவிடும். நைட்ரேட்டும் சேர்ந்து வற்றினால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வந்து உட்காரும். அந்தக் குமிழி கோத்த பழுப்புச் சளியை ஒருமுறை பார்த்தவர்கள் பச்சைப் பாசியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார்கள்.

பவளப்பித்தன்: சுழியத்துக்கு இறக்குங்கள் என்று யார் சொன்னது? ஆய்வு என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1990களில் கிரேட் பேரியர் ரீஃபின் ஒன் ட்ரீ தீவில் என்கோர் என்று ஒரு சோதனை நடந்தது. பாஸ்பரஸ் கூடுதலாகக் கொடுத்த ஒரு வகை அக்ரோபோரா நீளமாக வளர்ந்தது, ஆனால் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்தது. வளர்கிறதே என்று பார்ப்பவர் மகிழ்வார், உள்ளே கிளை நொறுங்கும் பதத்தில் இருக்கும்.

நிதானம்: அதை மறுக்கவில்லை. இறக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? எப்படி என்பதுதான் பேச்சு. பாஸ்பேட் நீரில் மட்டுமா இருக்கிறது? பாறையும் மணலும் உறிஞ்சிச் சேர்த்து வைத்திருக்கின்றன. நீரில் குறைந்ததும் அங்கிருந்து கசியும். முதல் ஜிஎஃப்ஓ சீக்கிரம் தீர்ந்து எண் மறுபடி ஏறுவது அதனால்தான். பலர் அதைப் பார்த்து மருந்து போதவில்லை என்று இரண்டு மடங்கு போடுகிறார்கள். பாறை காலியானதும் எண் தடாலென விழும். அப்போதுதான் பவளம் போகும்.

தொட்டிக்காவலன்: பாஸ்பேட்டை வீழ்படிவாக்கும் லாந்தனம் குளோரைடு போட்டால் ஒரே நாளில் முடியுமே?

பவளப்பித்தன்: வேண்டாம் நண்பரே. நுண்ணிய வீழ்படிவு நீரெங்கும் பரவும், கேஹெச்சும் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை) இறங்கும். டேங் மீன்கள் செத்த கதைகள் நிறைய உண்டு. போட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாக நீர்த்து, மைக்ரான் வடிபைக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

நிதானம்: ஒரு விஷயத்திலாவது பித்தனும் நானும் ஒரே கட்சி.

அலைமகன்: உறைந்த உணவைக் கழுவிப் போட்டால் குறையாதா? கீட்டோ என்ற கடற்பாசி வளர்க்கவும் யோசனை இருக்கிறது.

சொட்டுக்குப்பி: கழுவுவதில் பெரிதாகப் பயனில்லை. பாஸ்பரஸ் பெரும்பங்கு உணவின் சதைக்குள்ளேயே இருக்கிறது, மீன் தின்று கழித்த பிறகுதான் நீருக்கு வருகிறது. கீட்டோ நல்லது, ஆனால் பாஸ்பேட்டைவிட நைட்ரேட்டைத்தான் அதிகம் தின்னும். வெட்டி வெளியே எடுத்தால்தான் கணக்கில் சேரும்.

பவளப்பித்தன்: சரி, இறங்கி வருகிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு ஜிஎஃப்ஓ, மெதுவான ஓட்டம். ஆனால் இலக்கு 0.05தான், அதில் பேரம் இல்லை.

நிதானம்: கால்பங்குக்கு நானும் தலையாட்டுகிறேன். வாரம் இரண்டு முறையாவது அளந்து பாருங்கள், கேஹெச்சையும் சேர்த்து. 0.1 வந்ததும் நிறுத்திவிட்டு அக்ரோவின் நிறத்தைப் பாருங்கள்.

பவளப்பித்தன்: 0.1 உமக்கு இலக்கா? எனக்கு அது பாதி வழி.

அலைமகன்: அப்போ கால்பங்கில் தொடங்குகிறேன். 0.1 வந்ததும் எண்ணை இங்கே போடுகிறேன், மீதிச் சண்டையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.