கரண்ட் வந்ததும் மோட்டர் ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது

உப்புவெளிப் பையன்:
உப்புவெளியில் எங்கள் கெஸ்ட் ஹவுஸ் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரை ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றால் ஓட்டுகிறேன். பூட் ஆனதும் மோட்டரைப் போட்டு, அப்போதைய நேரத்தோடு 1200 செக்கனைக் கூட்டி வைத்து, மணிக்கூட்டு நேரத்தைச் சொல்லும் டைம்.டைம்() அதைத் தாண்டும்வரை லூப் சுற்றும், பைத்தான்தான். கையால் ரீபூட் செய்தால் 20 நிமிடம் ஒழுங்காக ஓடும். கரண்ட் போய் வந்தால் மட்டும் ஒரு நிமிடத்தில் மோட்டரைப் போட்டு நிறுத்தும் ரிலே 'டிக்' என்று விட்டுவிடுகிறது, தலையில் சோப்போடு விருந்தாளி கூப்பிடுகிறார். 1200 செக்கன் சும்மா காத்திருக்கும் டைம்.ஸ்லீப்(1200) போட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் இடையில் சுவிட்சைக் கவனிக்க முடியாது. ரிலே பழுதா?

கடலோரம்:
ரிலேயைக் கழற்றாதீங்க தம்பி. பை 4-இல் பற்றரியோடு ஓடும் மணிக்கூடு கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும், றவுட்டர் எழும்பி இன்டர்நெட் வந்ததும் அதிலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி ஒரே பாய்ச்சலில் நேரத்தைச் சரியாக்கிவிடும். கரண்ட் இல்லாத ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தாவினால் உங்கள் 1200 எங்கே மிஞ்சும்? டைம்.மொனோடொனிக்() போடுங்கள், அது முன்னுக்கு மட்டுமே எண்ணும் தனி எண்ணி, மணிக்கூட்டை யார் திருப்பினாலும் தாவாது. ஸ்லீப் தப்பியதும் அதனால்தான்: 'இவ்வளவு நேரம்' என்று கேட்டால் லினக்ஸ் அந்த எண்ணியைப் பார்க்கும், 'இத்தனை மணிக்கு' என்றால் மணிக்கூட்டை.

கிண்ணியாக்காரன்:
2006 ஏப்ரலில் நாட்டு நேரத்தையே அரை மணி பின்னுக்கு வைத்தார்களே, அப்போதும் இதே கூத்தா?

கடலோரம்:
இல்லை. அது நேர வலயம், காட்டும் நேரம் மட்டும்தான் மாறும். லினக்ஸின் உட்கருவான கர்னல் எண்ணுவது யூடிசி என்ற உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்தை எடுத்து நீங்களே கழித்தால்தான் மாட்டுவீர்கள்.

பழைய சி ஆள்:
சி-யில் எழுதுபவர்களும் கவனம். ஒரு நிகழ்வுக்காகக் குறித்த நேரம்வரை காத்திருக்கும் பிதிரெட் கண்டிஷனின் டைம்ட்வெய்ட், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், திருப்பினால் தாவும் ரியல்டைம் மணிக்கூட்டைத்தான் பார்க்கும். மொனோடொனிக் என்று முதலே அட்ரிபியூட்டில் வைக்க வேண்டும். அதேபோலக் காத்திருக்க உதவும் செமஃபோருக்கு அந்த வழியும் இல்லாமல் இருந்து, 2019-இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.30-இல்தான், எந்த மணிக்கூடு என்று சொல்லிக் காத்திருக்கும் கிளாக்வெய்ட் வந்தது. நேரம் பின்னுக்குப் போனால் இன்னும் மோசம், மோட்டர் நிற்கவே நிற்காது. என் வீட்டில் வற்றின கிணற்றில் ஓடிக் காயில் எரிந்து போனது. மிதவை சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

உப்புவெளிப் பையன்:
மாற்றிவிட்டேன் அண்ணா. என்டிபியை நிறுத்திவிட்டு, மோட்டர் ஓட ஓட நேரத்தை 2 மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், ரிலே அசையவில்லை. மணிக்கூட்டு நேரத்தை எழுதும் லாக்கில் மட்டும் 7.10க்குப் போட்ட மோட்டர் 9.30க்கு நின்றதாக இருக்கிறது, அப்பா பார்த்துவிட்டுக் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்கிறார்.