வில்லுப்பாட்டை கிளிட்ச் பீட்டுக்குள் கொண்டுவந்தால் உயிர் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

ரப்பர்காட்டான்:
வணக்கம் மக்களே, நான் மார்த்தாண்டம் பக்கம். நான்கு வருடமாக வீட்டில் தனியாக உட்கார்ந்து கிளிட்ச் இசை, அதாவது ஒலியை வெட்டி, திக்க வைத்து, பிழைச் சத்தங்களையே தாளமாக்குகிற மின்னணு இசை செய்கிறேன். இசை வெளியிடும் லேபிள் கிடையாது, ஒரு லேப்டாப், ஏபிள்டன் என்ற இசை மென்பொருள், கையடக்க ரெக்கார்டர், அவ்வளவுதான். முதலில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா, இந்தோனேசியாவின் கமலான் என்று வெளிநாட்டு சாம்பிள்களைத்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். போன சித்திரையில் எங்கள் குடும்பக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வந்தது. சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தில் கேட்ட சத்தம்தான், ஆனால் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டபோது ஆடிப்போய்விட்டேன். வில்லை அடிக்கிற வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்குவதில்லை, ஒவ்வொன்றும் ஒரு நூல் முன்னே பின்னே சிதறுகிறது. நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் செய்கிற வேலையை, பாட்டை நடத்துகிற அந்த அண்ணாவி ஒரு கையசைவில் செய்துவிட்டுப் போகிறார்.

பிரச்சினை என்னவென்றால், குவாண்டைஸ் செய்தால், அதாவது அடிகளைச் சரியான தாளப் புள்ளிக்கு இழுத்துவிட்டால், அந்தச் சிதறல் செத்துவிடுகிறது. செய்யாமல் விட்டால் இரண்டாவது நிமிடமே என் பீட்டை விட்டு ஓடிவிடுகிறது. வில்லுப்பாட்டுக் குடத்துக்கும் என் கிக் டிரம்முக்கும் வேறு சண்டை, அடி ஒலியில் ஒரே சேறாகக் கேட்கிறது. அப்புறம் ஒன்று, பாட்டு வரிகளையும் துண்டு துண்டாக வெட்டியிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "சாமி கதையை இப்படித் திக்க வைக்கலாமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பீட்டை விட அதுதான் மனதை அரிக்கிறது.

முப்பந்தல் காற்று:
தம்பி, முதலில் அந்த கிரிட்டை (மென்பொருளின் சம இடைவெளித் தாளக் கட்டத்தை) மறந்துவிடுங்கள். கொடையில் பாட்டு ஒரே வேகத்தில் போகாது, சாமி வருகிற கட்டம் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும், அதை 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) என்ற பெட்டிக்குள் அடைத்தால் எப்படி நிற்கும்? பதிவை இழுத்து உங்கள் பீட்டோடு சேர்க்காதீர்கள், பீட்டைப் பதிவின் பின்னால் நடக்க வையுங்கள். ஏபிள்டனின் அரேஞ்ச்மெண்ட் வியூவில் வில்லுப்பாட்டு கிளிப்பை வார்ப் செய்து, ஒவ்வொரு தாளத்துக்கும் மார்க்கரை (அடையாளப் புள்ளியை) கையால் வைத்து, அதையே டெம்போ லீடர், அதாவது வேகத்தை முடிவு செய்கிற கிளிப் ஆக்குங்கள். மற்ற டிராக் எல்லாம் தானாக அதோடு ஏறி இறங்கும். பத்து நிமிடப் பதிவுக்கு ஒரு முழு நாள் ஆகலாம், ஆனால் குறுக்குவழி இல்லை. பிறகு வீசுகோல் அடியிலிருந்து குரூவை (அடிகள் முன்னே பின்னே விழுகிற பாணியை) எடுத்து உங்கள் ஹை-ஹாட்டில் போட்டுப் பாருங்கள்.

குடம் விஷயம் சுலபம், கிக்கை எடுத்துவிடுங்கள். பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது உள்ளே இருக்கிற காற்றே அதிர்ந்து அந்த ஆழமான 'பும்' வருகிறது. நீங்கள் 808 டிரம் மெஷின் கிக்கில் தேடுவது அதைத்தான், ஒரே வீட்டில் இரண்டு அடித்தளம் எதற்கு?

உங்கள் அம்மா கேட்டதற்கு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். 1990களில் ஜெர்மனியின் ஓவல் குழுவினர் சிடியின் மேல் பேனாவால் கிறுக்கி, அது தாவித் தாவி ஓடுகிற சத்தத்தை இசையாக்கினார்கள். அங்கே உடைந்தது இயந்திரம். இங்கே நீங்கள் உடைப்பது ஒரு மனிதர் பக்தியோடு சொல்லிக்கொண்டிருக்கிற கதை. இரண்டும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன்.

குடக்காரர் பேத்தி:
எங்கள் தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். புதுக் குடம் வாங்கப் போனால் ஐந்தாறைத் தட்டி, காதை வாயருகே வைத்துக் கேட்டு, கடைசியில் ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்த நாளும் உண்டு. அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாமி பிறந்த கதை, வரம் வாங்குகிற இடம், இதையெல்லாம் தொடாதீர்கள் தம்பி. அந்த இடத்தில் கேட்கிறவர்கள் கை கூப்பி நிற்பார்கள், அதை நறுக்கினால் யாருக்கும் மனசு ஆறாது. ஆனால் வெட்டுவதற்கென்றே ஒன்று கைக்கருகில் இருக்கிறதே, 'ஆமா'! அண்ணாவி ஒரு வரி சொல்லி நிறுத்தியதும் பக்கப்பாட்டுக்காரர் போடுகிற ஆமா. அது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும். ஆச்சரியமாக ஒன்று, அழுகையாக ஒன்று, 'சீக்கிரம் சொல்லும்' என்று அவசரப்படுத்துவது ஒன்று. ஒரு ராத்திரிக் கொடையில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். உடுக்கையையும் பாருங்கள், இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது சத்தம் வளைந்து ஏறுமே, அதற்கு எந்த மென்பொருள் பிளகினும் வேண்டாம்.

தாத்தா இருந்திருந்தால் குடத்தை வெட்டினதற்குக் கோபப்பட்டிருக்க மாட்டார். கேட்காமல் வெட்டினதற்குத்தான் கோபப்பட்டிருப்பார். அந்தக் குழுவிடம் கேட்டீர்களா?

கோட்டாறு வக்கீல்:
மேலே அக்கா கேட்டதுதான் முக்கியம். கதை பழையது, அதனால் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கதைக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம், அன்றைக்குப் பாடியவருக்கு உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38பி இன்னும் நேரடியாக உங்களுக்கே: தன் பெயரைச் சொல்லக் கேட்கவும், தன் மதிப்பைக் கெடுக்கிற மாதிரி சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு வழி இருக்கிறது.

தமிழில் ஒரு பக்கம் எழுதி, அண்ணாவி முன் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். குடம் அடித்தவரையும் ஜால்ரா போட்டவரையும் விட்டுவிடாதீர்கள். பங்கு எவ்வளவு என்றும் அதிலேயே இருக்கட்டும். இசை விற்கிற தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, மீதியைப் பிரிப்பதாக எழுதுங்கள்.

ரப்பர்காட்டான்:
உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. கேட்காமல்தான் பதிவு செய்திருந்தேன், தப்பு என்னுடையதுதான். அண்ணாவி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஹெட்போனை வாங்கி மாட்டினார். வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு 'ஆமா'வை மட்டும் 60 மில்லிசெகண்ட் துண்டுகளாக்கி, குடத்தின் மேல் தூவி வைத்திருந்தேன். பாதியில் அவர் வலது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது, வீசுகோல் பிடிக்கிற கை. முடிந்ததும், "குடம் தூரத்தில கேக்குதே, ஏன்?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பதிவு செய்தேன் என்றேன். "அப்போ வெள்ளிக்கிழமை வா, தனியா அடிச்சுத் தரச் சொல்றேன்" என்றார். வக்கீல் அண்ணன் சொன்ன காகிதமும் தயார்.

அக்கா, ஒரு உதவி. ரெக்கார்டரை குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் பத்தி அடிக்கிற காற்று மைக்கில் மோதுமா? ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

குடக்காரர் பேத்தி:
மோதும், பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும். குடத்துக்கு அடியில் என்ன விரிக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் வைத்தால் சத்தம் மாறிவிடும்.