ஜியோஃபென்ஸ் வாரண்ட் நான்காவது திருத்தத்துக்குள் அடங்குமா?

செங்கதிர்:
அமெரிக்கப் போலீஸ் கூகுளிடம் நீட்டிய ஜியோஃபென்ஸ் வாரண்ட்டை என்னால் ஏற்கவே முடியாது. வழக்கமாக ஒருவர்மேல் சந்தேகம் வரும், முகாந்திரம் காட்டி அவர் வீட்டைச் சோதிக்க வாரண்ட் வாங்குவார்கள். இங்கே சந்தேக நபரே கிடையாது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த நேரத்தில் அதற்குள் இருந்த போன்களையெல்லாம் கொடு என்கிறார்கள். பெயரோ இடமோ குறிப்பிடாமல் யார் வீட்டிலும் நுழைய விட்ட பிரிட்டிஷ் பொது வாரண்ட்டை ஒழிக்கத்தானே 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் நான்காவது திருத்தமே வந்தது? 2024 ஆகஸ்டில் ஸ்மித் வழக்கில் ஐந்தாவது வட்டாரத்தின் (வட்டாரம் என்றால் சில மாநிலங்கள் சேர்ந்த தொகுதி) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. வட்டத்துக்குள் இருப்பவர் யாரென்று அறிய கூகுள் முதலில் 59.2 கோடி கணக்குகளை அலச வேண்டியிருந்தது.

தராசு:
அலசியது கணினி. போலீஸ் கைக்கு வந்தது எவ்வளவு என்று பாருங்கள். சாட்ரி வழக்கு: 2019 மே மாதம், வர்ஜீனியாவின் மிட்லோதியன். துப்பாக்கியைக் காட்டி ஒரு கடன் சங்கத்தில் 1,95,000 டாலர் கொள்ளை. கொள்ளையன் காதில் போன் வைத்திருந்தது கேமராவில் தெரிந்தது. 150 மீட்டர் ஆரம், ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்து மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்கினார்கள். வந்தவை 19 கணக்குகள், அவையும் பெயரில்லாமல். போன் போன இடங்களைக் கூகுளில் பதியும் லொகேஷன் ஹிஸ்டரியோ பயனரே முடுக்கினால்தான் ஓடும். வங்கிக்குக் கொடுத்த பதிவில் அந்தரங்கம் கோர முடியாது என்று 1976இல் மில்லர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செங்கதிர்:
மில்லருக்கு 2018இல் கார்பென்டர் தீர்ப்பு வரம்பு கட்டிவிட்டதே! ஒரே ஆளின் 127 நாட்கள், 12,898 இடப்பதிவுகள். செல்போன் நிறுவனத்திடம் இருந்தாலும் அதை எடுக்க வாரண்ட் வேண்டும் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

தராசு:
வாரண்ட் வேண்டும் என்றார்கள். சாட்ரியில்தான் வாரண்ட் இருந்ததே. ஒரு டவரோடு இணைந்த எல்லா போன்களின் பதிவுகளையும் மொத்தமாக வாங்குவது பற்றிக் கருத்துச் சொல்லவில்லை என்றும் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள்.

மதியொளி:
வட்டத்தின் அளவைவிட அந்த வாரண்ட்டின் மூன்று படிகளைத்தான் கவனிக்க வேண்டும். முதல் படியில் பெயரில்லாத 19 கணக்குகள். இரண்டாம் படியில் அவற்றில் சிலவற்றுக்கு இரண்டு மணி நேரப் பதிவு, அதுவும் வட்டத்துக்கு வெளியே போனாலும் தொடரும். மூன்றாம் படியில் பெயர், மின்னஞ்சல். எந்தக் கணக்கை அடுத்த படிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தது யார்? முதல் கையெழுத்துக்குப் பிறகு மாஜிஸ்திரேட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துப்பறிவாளர் 19 கணக்குகளின் விவரத்தையும் கேட்டார். குறைத்துக் கேளுங்கள் என்று கூகுள் சொன்ன பிறகுதான் அது 9 ஆனது, கடைசியில் 3. அரசியல் சட்டம் நீதிபதிக்குக் கொடுத்த வேலையை ஒரு நிறுவனத்தின் ஊழியர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று, ஒரு போன் இங்கே இருக்கலாம் என்று கூகுள் கணித்துப் போடும் வட்டத்துக்குள் அது உண்மையிலேயே இருக்கும் என்பதற்கு கூகுள் வைத்த குறி 68 சதவீதம்தான். அந்தக் கடன் சங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. பிரார்த்தனைக்கு வந்தவரும் சாலையில் காரில் போனவரும் பட்டியலில் ஏற இது போதும்.

தராசு:
இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு மறுபடியும் நீதிபதியிடம் போக வேண்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது வாரண்ட்டைத் திருத்துவதற்கான காரணம், அடியோடு தூக்கி எறிவதற்கானது அல்ல. கேமராவில் முகம் தெரியாதபோது வேறு எப்படித் துப்புத் துலக்குவது?

செங்கதிர்:
திருத்துவதற்கு யாருக்கு அவசரம்? உரிமை மீறப்பட்டது என்று 2022இல் சாட்ரியின் மாவட்ட நீதிபதியே எழுதினார். ஆனால் போலீஸ் நல்லெண்ணத்தோடு செயல்பட்டது என்று சொல்லி ஆதாரத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்மித்திலும் அதே கதை. கார்பென்டரே உச்ச நீதிமன்றத்தில் வென்றும், வழக்கு திரும்பிப் போனபோது தண்டனை நின்றது. மீறினாலும் ஆதாரம் செல்லும் என்றால் அடுத்த துப்பறிவாளர் ஏன் வட்டத்தைச் சுருக்கப் போகிறார்?

தராசு:
அந்த நல்லெண்ண விதிவிலக்கு 1984இல் லியோன் வழக்கிலிருந்து இருக்கிறது. ஆதாரத்தை ஒதுக்குவது போலீஸின் அத்துமீறலைத் தடுக்கத்தான். சாட்ரியில் துப்பறிவாளர் அதற்கு முன்பே அரசு வழக்கறிஞர்களைக் கலந்து இப்படிப்பட்ட வாரண்ட்டுகள் வாங்கியவர். சட்டமே தெளிவாக இல்லாதபோது அவர் மேல் என்ன குற்றம்?

மதியொளி:
அந்தத் தெளிவின்மைதான் எனக்குக் கவலை. சாட்ரியின் மேல்முறையீட்டில் 2024 ஜூலையில் நான்காவது வட்டார நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு, இது நான்காவது திருத்தம் சொல்லும் சோதனையே ஆகாது என்றது. 2025 ஏப்ரலில் முழு அமர்வு கூடி ஒரே வரியில் மாவட்ட நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்துவிட்டு, காரணங்களை நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கமாக எழுதினார்கள். டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது வட்டாரத்திலோ 2024இல் அதே மாதிரி வாரண்ட் செல்லாது என்றாகிவிட்டது. லொகேஷன் ஹிஸ்டரியைப் பயனரின் போனிலேயே சேமிக்கப் போவதாக 2023 டிசம்பரில் கூகுள் அறிவித்தது. கூகுளிடம் அந்தப் பதிவு இல்லாமல் போனாலும் பிரச்சினை தீரவில்லை. குறிப்பிட்ட முகவரியைக் கூகுளில் தேடியவர் யார் என்று கேட்கும் வாரண்ட்டில் கிடைத்த ஆதாரத்தை கொலராடோ உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது, அங்கேயும் நல்லெண்ண விதிவிலக்கின் பேரில்தான்.

செங்கதிர்:
அப்படியென்றால் தராசு, தேடல் சொல்லை வைத்து ஆளைப் பிடிக்கும் வாரண்ட்டுக்கும் நீங்கள் ஆதரவா? அங்கே ஆரமும் கிடையாது, மீட்டரும் கிடையாது.

தராசு:
முகவரி துல்லியமாகவும் நாட்கள் குறைவாகவும் இருந்தால், ஆம். வெறும் நோய்ப் பெயரையோ கட்சிப் பெயரையோ தேடியவர்களைக் கேட்டால், உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.