டீம்ஸில் கோப்பு எதில் திறக்க வேண்டும் என்பதை ஆபீஸ் முடிவு செய்யலாமா?

கட்டபெட்டு ரைட்டர்:
எங்களுடையது தேயிலை பேக்டரி, தலைமை ஆபீஸ் குன்னூரில். போன வாரம் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆபீஸ் சாட்டுக்கும் கோப்புப் பகிர்வுக்கும் நாங்கள் வைத்திருக்கும் மைக்ரோசாப்ட் டீம்ஸில் வரும் பி.டி.எஃப். எல்லாம் இனி எல்லாருக்கும் அடோபியின் அக்ரோபேட் செயலியில்தான் திறக்குமாம். வேர்டு, எக்செல் கோப்புகள் டீம்ஸுக்குள்ளேயே திறக்கும்படி அவரவர் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டுமாம். பி.டி.எஃப். எதில் திறந்தால் எனக்கென்ன, படிக்க முடிந்தால் சரி. எக்செல்தான் பிரச்சினை. கொழுந்து எடைக் கணக்கில் பழைய மேனேஜர் எழுதி வைத்த மேக்ரோ ஒன்று இருக்கிறது, பட்டனை அழுத்தினால் விவசாயி வாரியாகப் பட்டுவாடா பட்டியல் வந்து நிற்கும். டீம்ஸுக்குள் திறந்தால் அந்தப் பட்டன் சுவரில் மாட்டிய படம் மாதிரி சும்மா இருக்கிறது. இதைப் போன் போட்டுச் சொன்னால் "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்கிறார்கள். ஏன் இருக்கட்டும்?

குன்னூர் சர்வர்:
அண்ணா, நான் வேறு கம்பெனியில் இதே மாதிரி கணினி, டீம்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன், நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். காரணம் கேளுங்கள். டெஸ்க்டாப்பில் வேலை செய்யுங்கள் என்றால் ஆட்கள் கோப்பை டவுன்லோடு செய்து, 'இறுதி', 'இறுதி 2', 'மேனேஜர் பார்த்த இறுதி' என்று பெயர் வைத்து மெயிலில் அனுப்புகிறார்கள். தேயிலை ஏல நாள் காலையில் எந்த லாட் பட்டியல் சரியானது என்று தேடுவது யார்? நான்தான். டீம்ஸுக்குள் திறந்தால் ஒரே கோப்பு, எல்லாரும் அதிலேயே எழுதுவார்கள். இன்னொன்று, பீல்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிசினஸ் பேசிக் லைசென்ஸ்தான் வாங்குகிறோம். அதில் வெப்பும் மொபைலும் மட்டும்தான், டெஸ்க்டாப் வேர்டு, எக்செல் கிடையாது.

கட்டபெட்டு ரைட்டர்:
டவுன்லோடு வேறு, டெஸ்க்டாப்பில் திறப்பது வேறு தம்பி. டீம்ஸில் கோப்புப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி டெஸ்க்டாப் செயலியில் திற என்று கொடுத்தால் ஷேர்பாயிண்டில், அதாவது ஆபீஸின் பொது ஆன்லைன் சேமிப்பில், இருக்கும் அதே கோப்புதான் திறக்கிறது, ஆட்டோசேவ் ஓடுகிறது, நான் எடை போடப் போட குன்னூரில் இருப்பவருக்கு அங்கே தெரிகிறது. ஆட்கள் தப்பான பட்டனை அழுத்துகிறார்கள் என்றால் அதைச் சொல்லிக் கொடுங்கள். என் எக்செல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்?

குன்னூர் சர்வர்:
யாரும் பிடுங்கவில்லையே. பி.டி.எஃப்.-க்கு அட்மின் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் சேர்த்து வைக்கலாம், ஆனால் எக்செல், வேர்டு அப்படியல்ல. டீம்ஸ் அமைப்புகளில் 'கோப்புகளும் இணைப்புகளும்' என்ற பகுதிக்குப் போங்கள், டீம்ஸ், டெஸ்க்டாப் செயலி, பிரவுசர் என்று மூன்று இருக்கும், உங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையில் சொன்னது கோரிக்கைதான், பூட்டு இல்லை.

எமரால்டு அக்கா:
பூட்டு இல்லைதான், ஆனால் மாற்றி வைத்தால் "சொன்னதைக் கேட்கவில்லை" என்று மீட்டிங்கில் பெயர் வரும். அதுவும் பூட்டுதான்.

எனக்கு நெட்தான் கவலை. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும், அவ்வளவு வேண்டாம், சாதாரண மழைக்கே எங்கள் பக்கம் லைனில் மரம் விழுந்தால் கரண்டும் டவரும் சேர்ந்து போகும். பிரவுசரில் பாதி எழுதிய கணக்கு அப்படியே தொங்கும். ஒன்டிரைவில், அதாவது அவரவர் ஆன்லைன் சேமிப்பில், கணினியிலும் நகல் இருக்கும்படி சிங்க் போட்டு வைத்த கோப்பை டெஸ்க்டாப்பில் திறந்தால் பேட்டரி இருக்கும்வரை எழுதலாம், நெட் வந்ததும் அதுவே மேலே ஏறிவிடும். குன்னூர் டவுனில் பைபர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியாது.

குன்னூர் சர்வர்:
அக்கா, டவுனிலும் போகும், நம்புங்கள். நெட் இல்லாத நேரத்தில் நீங்கள் ஒரு பக்கம், பேக்டரியில் ஒருவர் இன்னொரு பக்கம் ஒரே செல்லில் வேறு வேறு எடை எழுதினால்? நெட் வந்ததும் இரண்டும் மோதும், எது சரி என்று எக்செல் உங்களைக் கேட்கும். எடைச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எமரால்டு அக்கா:
கேட்கட்டும். எடைச்சீட்டுக் கட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. எழுதினதே போய்விடுவதைவிட அது தேவலை.

லவ்டேல் பழைய ஆள்:
நடுவில் ஒன்று. எங்கள் ஆபீஸில் பாதிக் கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் பாண்டில் அடித்தவை. பாண்ட் இருக்கும் கணினியில் அழகாகத் தெரியும். போனில் டீம்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது, புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. விவசாயிக்குக் காட்டினால் சிரிக்கிறார். இதற்கு எந்த வியூவர் வைப்பது?

குன்னூர் சர்வர்:
எந்த வியூவரும் உதவாது சார். தமிழக அரசே 2010இல் தனி பாண்ட் தேவைப்படாத யூனிகோடு முறைக்குப் போய்விட்டது, நீங்களும் மாற்றிவிடுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவரை வெளியே அனுப்புவதை பாண்ட் உள்ளே பதிந்த பி.டி.எஃப்.-ஆக்கி அனுப்புங்கள், எதில் திறந்தாலும் தமிழாகவே இருக்கும். ஆமாம், அக்ரோபேட் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: பார்க்கவும் குறிப்பு எழுதவும் காசு இல்லை, பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க என்று இறங்கினால் சந்தா கேட்கும். சுற்றறிக்கை போடும்போது இதைச் சேர்த்துப் போட வேண்டும், போடுவதில்லை.

லவ்டேல் பழைய ஆள்:
அப்புறம் உங்கள் ஆட்களிடமும் சொல்லுங்கள், தனி சாட்டில் கோப்பு அனுப்பாதீர்கள் என்று. அது அனுப்பியவரின் ஒன்டிரைவில்தான் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போனால் கோப்புக்கும் ஆபத்து. சேனலில் போட்டால் ஷேர்பாயிண்டில் இருக்கும். எதில் திறக்கிறது என்று இவ்வளவு சண்டை போடுகிறோம், எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

குன்னூர் சர்வர்:
அது நியாயம். ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு டீம்ஸுக்குள்தான் வைத்துக் கொடுப்பேன். மேக்ரோ உள்ளவர் கேட்டால் மாற்றித் தருகிறேன்.

கட்டபெட்டு ரைட்டர்:
கேட்டால் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேக்ரோ கோப்புகளுக்கும் மழை பெய்யும் டிவிஷன்களுக்கும் விலக்கு வேண்டும் என்று இன்று எழுதி அனுப்பிவிட்டேன். திங்கள் பட்டுவாடா. அதற்குள் பதில் வந்தால் சரி, வராவிட்டால் டெஸ்க்டாப்பில்தான் திறப்பேன், மீட்டிங்கில் பெயர் வரட்டும்.