கேரியர் பார் சத்தம் தாங்க முடியல, சத்தமில்லாத பார் எதுன்னு சொல்லுங்க (அவசரம்)

கோவை_பெடல் | சனி இரவு 10.42
வணக்கம். டூர் போறதுக்காக கார் கூரை மேல கிராஸ் பார் (சாமான் கட்டக் குறுக்கால போடுற பார்) போட்டேன். ஏரோ மாடல்தான், காத்துக்குத் தோதா தட்டையா இருக்கும்னு விக்கிறது. ஆனா சத்தம்னா அப்படி ஒரு சத்தம், உள்ள உட்கார்ந்து பேச முடியல. வீட்ல ஒரே திட்டு. இதை வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். சத்தமே வராத பார் எதுங்க? பட்ஜெட் பிரச்சனை இல்ல, அதுக்காக ரொம்பவும் போக வேண்டாம். செவ்வாய் காலைல கிளம்பணும்.

மதுரை_மைலேஜ் | சனி 10.51
என்ன வண்டி ப்ரோ?

ஆர்த்தி | சனி 10.58
வண்டி என்ன, எந்த வருஷம்? கூரை மேல ரெண்டு ஓரத்துலயும் நீளவாக்குல ஓடுற ரெயில் இருக்கா? இருந்தா, ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவுல கை விடுற அளவுக்கு இடைவெளி இருக்கா, இல்ல கூரையோட ஒட்டியே வருதா? பாரைப் பிடிக்கிற கால் அதைப் பொறுத்துதான் மாறும். அதைவிட முக்கியம், சத்தம் எப்படி? விசிலா, உறுமலா, கடகடன்னு ஆட்டமா? எத்தனை ஸ்பீடுல ஆரம்பிக்குது?

வால்வு_வாசு | சனி 11.07
இங்க பேசிப் பேசி ஓய்ஞ்ச விஷயம் இது. மேல தேடுறதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு, அது அலங்காரத்துக்கு வைக்கல. "ஏரோ மாடல்"ங்கறது கம்பெனி பேரும் இல்ல, அளவும் இல்ல. அலுமினியத்தைத் தட்டையா இழுத்து யார் வித்தாலும் ஏரோதான். படம் இல்லாம கேட்டா ஜோசியம்தான் பார்க்கணும்.

டீசல்தாத்தா | சனி 11.20
தம்பி, பாருன்னு ஒண்ணு மேல இருந்தா காத்து அடிக்கத்தான் செய்யும். வேணும்கறப்ப மாட்டுங்க, வந்ததும் கழட்டி லாஃப்ட்ல போடுங்க. நாலு அலன் போல்ட்தான். டீசலும் மிச்சம். வருஷம் பூரா காலி பாரைச் சுமந்துக்கிட்டு ஊர் சுத்துறவங்களைப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு.

பட்டறை_குமார் | ஞாயிறு காலை 6.35
அலுமினியம் உள்ள பொத்தலா இருக்கும், அதான் அதிருது. ஒண்ணேகால் இஞ்ச் ஜிஐ (நாகம் பூசின இரும்பு) சதுர பைப்ல அடிச்சு, பவுடர் கோட்டிங் கொடுத்து மாட்டினா கல்லு மாதிரி நிக்கும். வெயிட் இருந்தா சத்தம் வராதுங்க. டாக்ஸிக்கு எல்லாம் அதுதான் போட்டுத் தர்றோம்.

காற்றியல் | ஞாயிறு 7.12
குமார் அண்ணா, கோவிச்சுக்காதீங்க, இருக்குற பார்லயே அதிகம் சத்தம் போடுறது சதுர பைப்தான். வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி. காத்து பாரைத் தாண்டினதும் பின்னாடி மேல ஒரு சுழல், கீழ ஒரு சுழல்னு மாறி மாறி அறுந்து போகும். ஒவ்வொரு தடவை அறும்போதும் ஒரு தட்டு. அதுதான் காதுல உறுமலா விழுது. உருண்டை பாருக்கு ஒரு கணக்கு உண்டு: காத்து வேகத்தை விட்டத்தால வகுத்து 0.2 ஆல பெருக்கணும். 90ல போறீங்கன்னா வினாடிக்கு 25 மீட்டர், பார் 25 மிமீ, ஆக 200 ஹெர்ட்ஸ் கிட்ட வரும். வேகம் ஏற ஏற ஸ்வரமும் ஏறுச்சுன்னா இதுதான் காரணம். நல்ல ஏரோ பார்ல முன்பக்கம் தடிச்சு, பின்பக்கம் மெலிஞ்சு போகும். அதனால சுழல் பலமா உருவாகாது. மெலிஞ்ச பக்கத்தை முன்னாடி வச்சு மாட்டிட்டா காசு கொடுத்ததே வீண்.

பட்டறை_குமார் | ஞாயிறு 7.20
நாங்க போட்டுக் கொடுத்த யாரும் வந்து சத்தம்னு சொன்னதில்லைங்க.

வால்வு_வாசு | ஞாயிறு 7.31
டாக்ஸி டிரைவர் 24 மணி நேரமும் பாட்டு போட்டிருப்பார், அவருக்கு எங்க கேக்கப் போகுது.

மதுரை_மைலேஜ் | ஞாயிறு 7.44
சன்ரூஃப் திறந்து வச்சிருக்காரோ? பார் போட்டு சன்ரூஃப் திறந்தா காது அடைக்கும்.

கோவை_பெடல் | ஞாயிறு 9.15
டஸ்டருங்க. ரெயில் கம்பெனில வந்தது. சத்தம் விசில் மாதிரியும் இருக்கு, ங்ங்ஙுன்னும் இருக்கு. 70ல ஆரம்பிச்சிடுது. ஒண்ணு மட்டும் புரியல, பாலக்காடு போறப்ப அதிகமா இருக்கு, திரும்பி வர்றப்ப அவ்வளவா இல்ல. ரோடு ஒண்ணுதான். ஏதாவது லூஸா இருக்குமோ?

வால்வு_வாசு | ஞாயிறு 9.22
வருஷம் சொல்லல. படம் போடல. தடிச்ச பக்கம் எங்க இருக்குன்னும் சொல்லல.

கோவை_பெடல் | ஞாயிறு 9.24
2016.

வால்வு_வாசு | ஞாயிறு 9.26
அப்ப சன்ரூஃப் கதையை விடுங்க. அந்த டஸ்டர்ல ஏது சன்ரூஃப்?

காற்றியல் | ஞாயிறு 9.50
பாலக்காடு விஷயம் லூஸ் இல்லைங்க, கணவாய்க் காத்து. இப்ப ஆடி மாசம். மேற்குல இருந்து வாளையார் வழியா நேரா மூஞ்சில அடிக்குது. நீங்க 80ல போறீங்க, எதிர்க்காத்து 30னா பாருக்கு அது 110. திரும்பி வர்றப்ப அதே காத்து முதுகுல, பாருக்கு வெறும் 50. இந்த மாதிரி காத்துச் சத்தம் வேகத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், அதாவது 110க்கும் 50க்கும் நடுவுல சுமார் 20 டெசிபல். மீட்டர்ல ரெண்டு பக்கமும் 80தான் காட்டும், அதனாலதான் குழப்பம். புது பார் வாங்கி டெஸ்ட் பண்றவங்களும் இதைக் கவனிக்கணும், ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பார்த்துட்டு "சூப்பர், சத்தமே இல்ல"ன்னு எழுதிடுவாங்க.

ஆர்த்தி | ஞாயிறு 10.18
இவருக்கு ரெண்டு சத்தம் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பார்க்காதீங்க. ங்ங்ங் காற்றியல் சொல்றது. விசில் வேற. பார் மேல நீளமா ஒரு ஸ்லாட் ஓடும், சைக்கிளை நிறுத்துற டிரே, சாமான் பாக்ஸ் இதையெல்லாம் மாட்டுற டி (T) வடிவ போல்ட் உள்ள போறதுக்கு. அந்த ஸ்லாட்டை மூட கறுப்பு ரப்பர் பட்டை ஒண்ணு கூட வரும். அது இல்லாம ஓட்டினா காலி பாட்டில் வாயில ஊதுற மாதிரிதான். ரெண்டு முனைலயும் மூடி இருக்கான்னும் பாருங்க. சில மாடல்ல அடிப்பக்கமும் ஒரு ஸ்லாட் இருக்கும், அங்கயும் பட்டை வேணும், குனிஞ்சு பார்க்கலைன்னா தெரியாது.

சோதிக்க ஒரு ரூபா செலவில்ல. வீட்ல இருக்குற இன்சுலேஷன் டேப்பை ஸ்லாட் மேல முழு நீளத்துக்கும் ஒட்டுங்க, முனையையும் சுத்துங்க, பைபாஸ்ல ஒரு ரவுண்டு போங்க. விசில் நின்னா பாரை விக்க வேண்டிய அவசியமே இல்ல. டிரே மாட்டினதுக்கு அப்புறமும் இடையில இருக்குற ஸ்லாட் திறந்துதான் இருக்கும். பட்டையைப் பிளேடால துண்டு துண்டா வெட்டி, டிரே காலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு நெருக்கி அழுத்தணும். ஒரு விரல் அகலம் விட்டாலும் பாடும்.

டீசல்தாத்தா | ஞாயிறு 10.40
இவ்வளவு பாடுபடறதுக்குக் கழட்டி வச்சிடலாம்.

வாளையார்_வழி | ஞாயிறு 11.05
பாலக்காடு பக்கம் போறவர் சத்தத்தை விட செக்கிங்கைப் பத்திக் கவலைப்படுங்க. சொந்தக் கார்ல கேரியர் போட்டா ஆல்டரேஷன்னு எழுதிடுவாங்க.

மதுரை_மைலேஜ் | ஞாயிறு 11.09
அது புல் பாருங்க. 2017 டிசம்பர்ல மத்திய அரசு தடை பண்ணச் சொன்னது முன்னாடி போடுற புல் பாரை. மேல போடுற பார் இல்ல.

வால்வு_வாசு | ஞாயிறு 11.21
அரைகுறையா சொல்லாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைப் படிங்க. ஆர்.சி.ல இருக்குற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 182ஏ-ல மாற்றம் ஒண்ணுக்கு 5000 ரூபா அபராதம் வருது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாத்தி இதைத்தான் சொல்லிச்சு.

மதுரை_மைலேஜ் | ஞாயிறு 11.30
அலன் கீயால கழட்டுற பார் எப்படி ஆர்.சி. விவரத்தை மாத்தும்? நீளம், சீட்டு, இன்ஜின், கலர் எதுவும் மாறல. ரெயில்ல சுமை ஏத்தலாம்னு கம்பெனியே விளம்பரம் பண்ணுது. அவங்களோட கைகர் காருக்கு 50 கிலோன்னு போட்டே வித்தாங்க. சுமை ஏத்தலாம்னா எதுல கட்டுறது, காத்துலயா?

வாளையார்_வழி | ஞாயிறு 11.34
இதை ரோட்டோரத்துல நிப்பாட்டினவர்கிட்ட சொல்லிப் பாருங்க.

டீசல்தாத்தா | ஞாயிறு 11.47
அம்பாசிடர் மேல மூட்டை கட்டிக்கிட்டு எத்தனை பேர் சபரிமலை போனோம். யாரும் 52, 53ன்னு கேட்டதில்ல.

வால்வு_வாசு | ஞாயிறு 11.49
அப்ப சீட் பெல்ட்டும்தான் யாரும் கேக்கல.

ஆர்த்தி | ஞாயிறு மதியம் 12.10
சட்டத்துக்குத் தனி இழை போட்டுக்கோங்க ப்ளீஸ். பெடல் சார், டேப் ஒட்டினீங்களா? மேல என்ன ஏத்தப் போறீங்க, சைக்கிளா?

கோவை_பெடல் | ஞாயிறு மதியம் 1.35
ஆமாங்க, ரெண்டு சைக்கிள். டேப் சாயங்காலம் ஒட்டிப் பார்க்கிறேன். அது சரி வரலைன்னா எது வாங்கறது, அதைச் சொல்லிடுங்க.

ஆர்த்தி | ஞாயிறு 2.20
வாங்கத்தான் போறீங்கன்னா, உங்க வண்டிக்குத் தூக்கலான ரெயில். அதனால வழி நிறைய இருக்கு. தூலிங்கற கம்பெனில விங்பார் இவோ ஒரு வகை, பார் முனை ரெயிலைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், டிரேக்கு இடம் தாராளம். விங்பார் எட்ஜ் ரெயிலுக்குள்ளயே முடிஞ்சிடும், தாழ்வா உட்காரும், பார்க்க அழகு, சத்தமும் கம்மி. ஆனா ரெண்டு சைக்கிளோட ஒரு பெட்டியும் வைக்கணும்னா இடம் இடிக்கும். எங்க வண்டில எட்ஜ்தான். நெடுஞ்சாலைல ஏசி ரெண்டாவது நம்பர்ல ஓடினா பார் இருக்குறது தெரியாது, ஏசியை நிறுத்தினா தெரியும். "சத்தமே வராது"ன்னு எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீங்க. யாகிமா ஜெட்ஸ்ட்ரீம், ரைனோ ராக் வோர்டெக்ஸ் எல்லாம் இதே ஜாதிதான், கிடைச்சா பார்க்கலாம். ஆனா கால், ரப்பர் பட்டை, சாவி இதெல்லாம் பின்னாடி தனியா கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. செவ்வாய்க்குள்ள கைக்கு வராதுன்னு நினைக்கிறேன்.

சுமைக்கு வண்டிக் கையேட்டுல போட்டிருக்குறதும் பார் கம்பெனி சொல்றதும் வேற வேறயா இருந்தா எது குறைவோ அதுதான் கணக்கு. பார், டிரே வெயிட்டும் அதுல சேரும்.

காற்றியல் | ஞாயிறு 3.05
வாங்கறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வேலை. முன் பாரை ஒரு சாண் பின்னாடி தள்ளுங்க. முன்கண்ணாடி விளிம்பைத் தாண்டின உடனே காத்து வேகமெடுக்கும், அங்க பார் நின்னா அதிகமா அடி வாங்கும், சத்தமும் உங்க தலைக்கு மேலயே இறங்கும். டிரேக்கு எவ்வளவு இடைவெளி வேணும்னு பார்த்துட்டுத் தள்ளுங்க. அடுத்தது, அஞ்சாறு மிமீ நைலான் கயிறை முன் பார்ல சுருளா, இடம் விட்டு விட்டுச் சுத்திக் கட்டுங்க. ஸ்டீல் புகைபோக்கி உச்சில சுருளா தகடு வச்சிருப்பாங்க, கார் ஆன்டெனா மேலயும் சுருள் கம்பி ஓடும், எல்லாம் இதுக்குத்தான். சுழல் நீளம் முழுக்க ஒரே நேரத்துல அறுபடாம கலைஞ்சிடும். பார்க்க நல்லா இருக்காது. குமார் அண்ணா சதுர பைப்புக்கும் சுத்திப் பாருங்க, பழைய சைக்கிள் ட்யூபே போதும்.

பட்டறை_குமார் | ஞாயிறு 3.40
சுத்திப் பார்க்கிறேங்க. ஆனா துரு பிடிக்கும், ட்யூபுக்கு அடியில தண்ணி நிக்கும்.

வாளையார்_வழி | ஞாயிறு 4.02
செக்கிங்ல எழுதுறது வேற. ஆனா 52ல "ஆல்டரேஷன்"ங்கறதுக்கு விளக்கம் சட்டத்துலயே இருக்கு, அடிப்படை அம்சம் மாறணும்னுதான் சொல்லுது. வாசு சார் அதைப் படிச்சாரா தெரியல.

வால்வு_வாசு | ஞாயிறு 4.10
படிச்சதாலதான் சொல்றேன். தனி இழைல வாங்க.

கோவை_பெடல் | திங்கள் இரவு 9.48
டேப் ஒட்டினதும் விசில் நின்னுடுச்சு. பாரை மாட்டின கடைக்காரர் ரப்பர் பட்டையைப் போடவே இல்ல, போன் பண்ணதும் "அது பேக்கிங்னு நினைச்சோம்"னு எடுத்துக் கொடுத்தாங்க. வெட்டிப் போட்டாச்சு. ங்ங் இன்னும் 90க்கு மேல இருக்கு, கயிறு கட்டி வச்சிருக்கேன், இன்னும் ஓட்டிப் பார்க்கல. பார் மாத்தல. எல்லாருக்கும் நன்றிங்க, காலைல நாலு மணிக்குக் கிளம்பறோம்.

ஆர்த்தி | திங்கள் 9.55
நல்லது. நூறு கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தி, கால் போல்ட்டும் டிரே போல்ட்டும் இறுக்கமா இருக்கான்னு பார்த்துடுங்க.

காற்றியல் | திங்கள் 10.02
சைக்கிள் ஏத்தினதும் சத்தம் முழுக்க மாறிடும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. திரும்பி வந்து சைக்கிளை இறக்கிட்டு, கயிறோட ஒரு தடவை, கயிறு இல்லாம ஒரு தடவை, ரெண்டு திசைலயும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுங்க.

வால்வு_வாசு | திங்கள் 10.15
தடிச்ச பக்கம் முன்னாடியா பின்னாடியா? முதல்ல இருந்து கேக்கறோம். 90க்கு மேல ங்ங் வருதுன்னா அதுவாத்தான் இருக்கும். பட்டையையே மாட்டாத கடை அதை மட்டும் சரியா மாட்டியிருக்கும்னு என்ன நிச்சயம்?

மதுரை_மைலேஜ் | செவ்வாய் காலை 8.30
கிளம்பிட்டாரு போல.