2012 ஹீரோ இம்பல்ஸ் பைக், அஞ்சு வருஷம் சும்மா கெடந்தது, ஸ்டார்ட் பண்ணா புகை அள்ளுது – இஞ்சின் பிரிக்கணுமா?

கரிசக்காடு_திருமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாய்மாமா வண்டி, ஹீரோ இம்பல்ஸ், 2012 மாடல். அவருக்கு சாப்டூர் பக்கம் மலையடிவாரத்துல தோட்டம் இருக்கு. மழை பேஞ்சா கரிசல் மண்ணு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல அப்பிக்கிட்டு மத்த வண்டியெல்லாம் உருட்டக்கூட முடியாது, இது மட்டும் முன் மட்கார்டு ஒசரமா இருக்குறதால மண்ண உதறிட்டு ஏறி வந்துரும், சின்ன வயசுல அந்த வண்டி பின்னாடி உக்காந்து தான் நான் காடு கரையெல்லாம் பாத்தேன். 2020 லாக்டவுன் சமயத்துல மாமாவுக்கு மூட்டு ஆபரேசன் ஆச்சு, அதோட மாட்டுக் கொட்டத்துல நிறுத்துனது தான். போன மாசம் "நீயே வச்சுக்க மாப்ள, இரும்புக்கடைக்கு மட்டும் போட்றாத"ன்னு சாவியக் குடுத்துட்டாரு.

இதுவரைக்கும் பண்ணது: பிளக் கழட்டி ஓட்டை வழியா ரெண்டு மூணு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊத்தி ரெண்டு நாள் விட்டேன், அப்புறம் அஞ்சாவது கியர்ல போட்டு பின் சக்கரத்த மெதுவா சுத்துனேன், பிஸ்டன் ஜாம் ஆகல, சுத்துச்சு. புது பேட்டரி, புது பிளக். டேங்க் உள்ள துரு, அதனால பாட்டில்ல பெட்ரோல் தொங்கவிட்டு கார்பரேட்டருக்கு ஓஸ் குடுத்து செல்ப் அடிச்சேன், நாலாவது தடவை புடிச்சிருச்சு. ஆனா புகைன்னா புகை, கொட்டமே நெறஞ்சு மாடெல்லாம் கத்திருச்சு. மூணு நிமிசத்துல கொறஞ்சது, ஆனா நிக்கல.

ஒரு பட்டறையில காமிச்சேன், சைலன்சர்ல வெரல விட்டுப் பாத்துட்டு புல் இஞ்சின் வேலை, 30 ஆயிரம் ஆகும்னாங்க. இன்னொரு எடத்துல வேற பழைய இஞ்சின் ஒண்ணு தூக்கி வச்சுரலாம்னாங்க. முன் டிஸ்க் பிரேக் ஜாம் ஆகிருக்கு, பின்னாடி மோனோ சாக் (ஒத்த ஷாக் அப்சார்பர்) உக்காந்தா கயித்துக் கட்டில் மாதிரி ஆடுது, எலி வயரக் கடிச்சு வச்சிருக்கு. வயரிங் நான் பாத்துக்குவேன், வீட்டு வயரிங் வேலை தான் எனக்கு. இஞ்சின் தான் பயமா இருக்கு, இதுவரை தொட்டது இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும், சொல்லுங்கண்ணே.

மேலூர்_பட்டறை

தம்பி, மொதல்ல ஒண்ணு, பிளக் ஓட்டை வழியா நீங்க ஊத்துன ஆயிலு எங்க போகும்? அது எரிஞ்சு தான வெளிய வரணும். அத வச்சு புல் இஞ்சின்னு சொல்றது தப்பு. 25 வருசமா பட்டறை வச்சிருக்கேன், புகைய மட்டும் பாத்து இஞ்சின இறக்குன வண்டியில பாதிக்கு இறக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது.

ஆனா இப்பவே திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. அஞ்சு வருசம் கெடந்த ஆயில்ல தண்ணி எறங்கிருக்கும். மொத வடிச்சிட்டு 10டபிள்யூ30 ஊத்துங்க, டப்பாவுல ஜாஸோ எம்ஏன்னு (பைக் ஆயிலுக்கான தர முத்திரை) போட்டிருக்கான்னு பாருங்க, காருக்கு ஊத்துற ஆயில ஊத்துனா கிளட்ச் வழுக்கும், ஏன்னா நம்ம வண்டியில கிளட்சும் அதே ஆயில்ல தான் முங்கிக் கெடக்கு. ஊத்திட்டு ஒரு இருபது நிமிசம் அங்க இங்க ஓட்டுங்க. சைலன்சர்ல தங்குன ஆயிலும் எரிஞ்சு போகட்டும். அதுக்கப்புறமும் புகை வந்தா எப்ப வருதுன்னு பாருங்க, எவ்வளவு வருதுன்னு இல்ல.

ஆக்சிலேட்டர் முறுக்கி இழுக்கும்போது நீலமா வந்தா ரிங்கு (பிஸ்டனச் சுத்தி உள்ள வளையம்), போரு (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) தேஞ்சிருக்கு. காலையில மொத ஸ்டார்ட்ல பக்குன்னு ஒரு மூட்டை வந்துட்டு நிக்குதா, இல்ல எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டுட்டு மறுபடி முறுக்கும்போது வருதா, அப்ப வால்வு சீல் (வால்வு வழியா ஆயில் உள்ள எறங்காம தடுக்குற ரப்பர்) போயிருக்கு. வெள்ளையா வந்து சீக்கிரம் காத்துல கரைஞ்சு போனா அது வெறும் தண்ணி ஆவி. இத மூணையும் பிரிச்சுப் பாக்க ஸ்பேனரே வேண்டாம், ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பின்னாடி வேற வண்டியில வந்தா போதும்.

வேற இஞ்சின் வைக்கிற பேச்ச அப்பிடியே விட்டுருங்க. இஞ்சின் நம்பர் ஆர்சி புக்குல இருக்கு, 2012 வண்டின்னா 2027ல 15 வருசம் முடிஞ்சு புதுப்பிக்கக் கொண்டு போகணும், அன்னைக்கு நம்பர் ஒத்துப்போகலன்னா அலையவிட்டுருவாங்க.

உசிலை_தடம்

நானும் இம்பல்ஸ் தான் வச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரர் வாங்குனது, இப்ப நான் தான் ஓட்டுறேன், எழுமலைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு. ரெண்டு வருசம் முன்னாடி முழுசா பிரிச்சுக் கட்டுனோம், அதனால சொல்றேன், இஞ்சினுக்குப் பயப்படாதீங்க தம்பி. இது 149.2 சிசி, ஹீரோவோட ஹங்க், பழைய சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் பைக்குகள்ல வந்த அதே இஞ்சின் குடும்பம், பிஸ்டன் ரிங் பேக்கிங் எல்லாம் பழசக் கையில எடுத்துட்டுப் போய் ஒத்துப் பாத்து வாங்கிரலாம். அலைய வைக்கிறது பிளாஸ்டிக்கு தான். ஓரத்துப் பேனல், முன் மட்கார்டு, சீட்டுக்குக் கீழ உள்ள கவர் இதெல்லாம் ஒடைஞ்சா தேடணும், அதனால கழட்டும்போது இழுக்காதீங்க, எங்க கிளிப் இருக்குன்னு பாத்து வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு கழட்டுங்க, பழைய பிளாஸ்டிக் சூட்டுல தான் வளையும்.

முன் டயர் பத்தி ஒண்ணும் கவலப்படாதீங்க, 90/90-19, பழைய கிளாசிக் 350 புல்லட்டுக்கு (2021க்கு முன்னாடி வந்த மாடல்) முன் சக்கரத்துல போடுற அதே சைசு.

டேங்க் துருவுக்கு நாங்க பண்ணது: மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கெடைக்கும், லிட்டருக்கு நூறு கிராம் கணக்கு, 11 லிட்டர் டேங்கு, அதுக்குத் தக்கன சுடுதண்ணியில கரைச்சு நெறைய ஊத்தி ஒரு ராத்திரி வைங்க. பித்தளைச் சொம்ப புளி போட்டுத் தேய்க்கிறோம்ல அதே கதை தான். காலையில ஊத்துனா கருப்புத் தண்ணியா வரும். ஒடனே ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி, ஹேர் டிரையரோ வெயிலோ வச்சு முழுசா காயவச்சு, கையோட பெட்ரோல் ஊத்திக் குலுக்கிருங்க. நாங்க காயட்டும்னு ஈரத்தோட மத்தியானம் வரை விட்டோம், உள்ள மறுபடி மஞ்சளா பூத்துருச்சு, திரும்ப மொதல்ல இருந்து. பெட்ரோல் பைப்பு, டேங்குக்கு அடியில பெட்ரோல் தொறந்து மூடுற சாவியோட வாசர் எல்லாம் புதுசு போடுங்க, இப்ப பங்க்ல 20 சதவீதம் எத்தனால் கலந்து வருது, பழைய ரப்பர அது ஊற வச்சு கொழகொழன்னு ஆக்கிருது.

கார்பரேட்டர் மேல்மூடியத் தொறந்தா ஸ்லைடோட ஒரு மெல்லிசான ரப்பர் டயாப்ரம் இருக்கும், அத வெளிய எடுத்து வச்சுட்டு தான் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கணும். அது பட்டா ரப்பர் ஊதிப் பெருசாகி திரும்ப உக்காராது.

நாகமலை_ஓட்டம்

மேலூர் அண்ணன் சொல்றதுல ஒரு சின்ன மாற்றம். முன் டிஸ்க் ஜாமா இருக்குற வண்டிய இருபது நிமிசம் ஓட்டச் சொல்லாதீங்க, மொதல்ல பிரேக். காலிப்பர (டிஸ்க்கப் புடிக்கிற பிரேக் பகுதி) டிஸ்க்ல இருந்து கழட்டி, பிரேக் பேட எடுத்துட்டு, பிரேக் லிவர அமுக்கி அமுக்கியே பிஸ்டன வெளிய தள்ளுங்க, ஆயில் பிரஷர்ல மெதுவா வரும். கம்ப்ரசர் காத்து அடிச்சா பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், எங்க ஏரியாவுல ஒரு பையனுக்கு வெரல் நசுங்கியிருக்கு. துரு கொஞ்சமா இருந்தா 1500 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி போட்டு தேய்ச்சாப் போதும், கையில வச்சா குழி தட்டுப்பட்டுச்சுன்னா பிஸ்டன மாத்திருங்க. சீல் எப்பிடியும் புதுசு. பிரேக் ஆயில், பெட்ரோல் டேங்க் மேல சொட்டாம பாத்துக்கங்க, பெயிண்ட உரிச்சிரும்.

முன் போர்க்ல ஆயில் கசிஞ்சா ஒடனே சீல் மாத்தாதீங்க. பழைய எக்ஸ்ரே பிலிம்ல ஒரு துண்டு வெட்டி சீல் உதட்டுக்குள்ள விட்டுச் சுத்துங்க, பாதி நேரம் உள்ள மாட்டுன மண்ணு வெளிய வந்து கசிவு நின்னுரும்.

கரிசக்காடு_திருமங்கலம்

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரெம்ப நன்றி. மூணு வாரம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் தான் வேலை பாக்க முடிஞ்சது.

டேங்க் சுத்தமாயிருச்சு, எலுமிச்சை உப்பு ரெண்டு தடவை போட்டேன். பிரேக் முடிஞ்சது, பிஸ்டன் தப்பிச்சது, சீலும் பேடும் மட்டும் மாத்துனேன். அப்புறம் ஆயில் மாத்தி கள்ளிக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், தம்பி பின்னாடி வந்து பாத்தான். இழுக்கும்போது புகையே இல்ல! பாலத்துல இருந்து எறங்கி மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்துச்சு, மறுநாள் காலையில மொத ஸ்டார்ட்லயும் வந்துச்சு. மனசு கேக்காம கம்ப்ரசன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் பாக்குற மீட்டரு) இரவல் வாங்கி வேற பாத்தேன், சும்மா ஒருக்கா, பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒருக்கா, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரிங்கு தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் ஏறியிருக்கணும்ல?

அப்ப வால்வு சீல் தானண்ணே? ஹெட்ட நானே கழட்டலாமா?

மேலூர்_பட்டறை

சீலே தான். அஞ்சு வருசத்துல ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி ஆகியிருக்கும், போர்ல கைய வைக்காதீங்க. கழட்டலாம் தம்பி, ஒரு முழு நாள் ஒதுக்குங்க, அவசரத்துல பண்ற வேலை இல்ல இது.

மேக்னெட் பக்கம் ஓட்டை வழியா பாத்து டி மார்க்குக்கு (பிஸ்டன் உச்சியில நிக்குற கோடு) கொண்டு வாங்க, ரெண்டு டேப்பட்டும் (வால்வ அமுக்குற முனை) லூசா ஆடணும், ஆடலன்னா இன்னொரு சுத்து சுத்துங்க. கேம் ஸ்ப்ராக்கெட் (டைமிங் செயின் மாட்டுற மேல் பல்சக்கரம்) கோடு எங்க நிக்குதுன்னு போன்ல படம் எடுத்துக்கங்க. டைமிங் செயின ஒரு கட்டுக்கம்பி போட்டு மேல கட்டிருங்க, உள்ள விழுந்தா அத எடுக்கவே அரை நாள். ஹெட் நட்டு நாலையும் குறுக்குமறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளத்துங்க, ஒண்ண மட்டும் முழுசா கழட்டுனா ஹெட் வளைஞ்சுரும். போர் மேல தூக்கிராம பாத்துக்கங்க, தூக்கிட்டா அடி பேக்கிங்கும் மாத்தணும்.

வால்வ கழட்டுனதும் கைட்ல (வால்வு ஏறி எறங்குற குழாய்) விட்டு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. நல்லா ஆடுச்சுன்னா புது சீல் போட்டும் ஆறு மாசத்துல திரும்ப புகை வரும், அப்ப ஹெட்ட லேத்துக்கு எடுத்துட்டுப் போங்க, புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் கைட் மாத்துற பட்டறை கேட்டா சொல்லுவாங்க. ஆடலன்னா கிரைண்டிங் பேஸ்ட் வச்சு வால்வ சீட்ல தேய்ச்சு, மாட்டுனதுக்கு அப்புறம் ஹெட்ட போர்ட்டு (காத்தும் புகையும் போற வழி) மேல பாக்குற மாதிரி சாச்சு வச்சு, அதுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்க. பத்து நிமிசம் சொட்டு விழலன்னா சரி.

கரிசக்காடு_திருமங்கலம்

முடிச்சிட்டேன் அண்ணே. வால்வு ஆடவே இல்ல. பழைய சீல நகத்தால அமுக்குனா பள்ளமே விழல, கருகிப்போன மொளகா மாதிரி ஒடைஞ்சு வந்துச்சு. மண்ணெண்ணெய் மொத தடவை எக்சாஸ்ட் பக்கம் ஒழுகுச்சு, திரும்பக் கழட்டி இன்னும் அரை மணி நேரம் தேய்ச்சேன், நின்னுருச்சு. சீல், ஹெட் பேக்கிங், பேஸ்ட், ஆயில், எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சது. நேத்து காலையில மாமாவ கூப்ட்டு அவரையே பட்டன அமுக்கச் சொன்னேன். புகை இல்ல. சைலன்சர் பின்னாடி கைய வச்சு வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் வண்டிகிட்டயே நின்னுட்டு இருந்தாரு.

இனி பின் சாக் ஒண்ணு தான் பாக்கி. உசிலை அக்கா, நீங்க எப்பிடி சரி பண்ணீங்க? புதுசு கெடச்சதா?

உசிலை_தடம்

ரெம்ப சந்தோசம் தம்பி! புதுசு எங்களுக்கு கெடைக்கல, பழச தான் ரீபில் பண்ற எடத்துல குடுத்து சீலும் ஆயிலும் மாத்துனோம். குடுக்குறதுக்கு முன்னாடி ராடு மேல நகத்த ஓட்டிப் பாருங்க, துருக்குழி இருந்தா அத மொதல்லயே சொல்லிருங்க, குழியோட புது சீல் போட்டா ஒரே மாசத்துல கிழிச்சிரும். வேற வண்டி சாக் போடச் சொன்னா ஒத்துக்காதீங்க, கண்ணுக்குக் கண்ணு நீளம் (மாட்டுற ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல உள்ள நீளம்) ஒரு இஞ்ச் கொறஞ்சாலே 245 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள எடைவெளி) கொறஞ்சு போயிரும், செயினும் ஸ்விங் ஆர்ம்ல (பின் சக்கரத்த தாங்குற கை) ஒரசும். சாக் கழட்டி இருக்கும்போதே ஸ்விங் ஆர்ம் போல்ட்டயும் உருவி புஷ்ல கிரீஸ் வச்சிருங்க, கரிசல் சேறு உள்ள போய் எங்க வண்டியில அந்த போல்ட்டு துருவேறி சுத்தியல்ல அடிச்சு தான் வந்துச்சு. வராட்டி டீசல் ஊத்தி ஒரு நாள் ஊற விடுங்க.