ஃபேண்டம்: மாயவுருவா, பதிலுருவா?

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு,

கதிர்வீச்சை அளக்க நோயாளியின் இடத்தில் வைக்கும் பொருளை ஆங்கிலத்தில் ஃபேண்டம் (phantom) என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் ஒருவர் எழுதியது:

> ஃபேண்டத்துக்கு 'மாயவுரு' பொருந்தும். அகராதிப் பொருளும் அதுதான்.

அகராதியில் சரிதான். பாம்பனில் அதைச் சொல்லித் தோற்றவன் நான்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த எதிர்வீட்டுப் பெண், மருத்துவ இயற்பியலர் ஆவது எப்படி என்று கேட்டாள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியல் பட்டயம் ஓராண்டு, பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி ஓராண்டு என்றேன். (அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலிலேயே எம்.எஸ்சி. உண்டு, இவளுக்கு அது காலம் கடந்த யோசனை.) இதுவரை தமிழ் தடுமாறவில்லை.

"அங்கே என்னதான் வேலை, தம்பி?" என்றார், வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த அவள் அப்பா.

கதிர்வீச்சு இயந்திரத்தில் 2 கிரே (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று வைத்தால் 2 கிரேதான் வருகிறதா என்று நோயாளி படுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். ஆளுக்குள் கருவியை இறக்க முடியாது. உடம்பில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், 30 சென்டிமீட்டர் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அயனி அறை என்னும் சிறு அளவுக்கருவியை நிறுத்தி அளக்கிறோம் என்று விளக்கிவிட்டு, "அந்தத் தொட்டிதான் மாயவுரு" என்றேன்.

"பேய் உலாவுகிற இடத்துக்கா பெண்ணை அனுப்பச் சொல்கிறாய்?" என்றார் அவள் அம்மா.

அப்பா ஈயத்தைக் கீழே வைத்தார். "கயிறு விட்டு எத்தனை பாகம் என்று ஆழம் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒருவன் கடலுக்கு வராவிட்டால் பதிலாள் ஏற்றுவோம். நோயாளிக்குத் தொட்டி பதிலாள்."

நம் குழுமத்தில் மூன்று வாரமாக நடக்கும் விவாதத்தை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். முதலில் 'பதிலுடல்' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் மருத்துவமனையில் 'உடல்' என்றாலே பிணவறை வாசல்தான் நினைவுக்கு வரும். 'பதிலி'யைக் கணினிக்காரர்கள் ப்ராக்ஸிக்கு எடுத்துக்கொண்டார்கள். 'நிகருரு' கேட்க அழகு; ஆனால் சதுரத் தொட்டி எந்த உருவுக்கு நிகர்? ஆகவே என் முன்மொழிவு 'பதிலுரு'. நீர்ப் பதிலுரு, பலகைப் பதிலுரு, தலைப் பதிலுரு என்று ஒட்டுகளும் இடறாமல் வருகின்றன.

அடுத்த இழைக்கு 'அயனி அறை'யை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 0.6 கன சென்டிமீட்டர் வெளிக்காற்றுதான். காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அளவீடு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துவிடும், திருத்தம் போட வேண்டும். புயல் கூண்டு ஏற்றிய நாட்களைச் சொன்னதும் அப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது. அம்மாவோ, அந்த அறையில் பெண்கள் எத்தனை பேர் தங்கலாம் என்று கேட்டார்.